மாற்றுச் சிறுநீரகமும் கர்ப்பமும்: எந்த மாத்திரையை மாற்ற வேண்டும், எதை நிறுத்தவே கூடாது

சிறுநீரக மாற்று அறுவை முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆன இளம்பெண்ணிடம் வீட்டார் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒன்று, "நீ உசுரோட இருக்கறதே பெருசு, குழந்தையெல்லாம் நினைக்காதே." இன்னொன்று, நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே, "இத்தனை மாத்திரை போட்டா வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, எல்லாத்தையும் நிறுத்து." இரண்டுமே தவறு. முதல் பேச்சு மனதை உடைக்கும். இரண்டாவது பேச்சு சிறுநீரகத்தையே பறிக்கும்.

மாற்று உறுப்போடு குழந்தை பெறுவது புதிதல்ல. 1956-ல் அமெரிக்காவில் தன் இரட்டைச் சகோதரியிடமிருந்து சிறுநீரகம் பெற்ற ஈடித் ஹெல்ம் என்ற பெண் 1958-ல் குழந்தை பெற்றார். அவர்கள் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் என்பதால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து அவருக்குத் தேவைப்படவில்லை. மற்ற எல்லோருக்கும் அது தேவை. சிக்கலும் அங்கேதான். மாத்திரை சாப்பிடுவதில் தவறில்லை. எந்த மாத்திரை, எந்த மாதத்தில் என்பதுதான் கேள்வி.

வயிற்றுப் பிள்ளையை ஏற்கும் உடம்பு, சிறுநீரகத்தை ஏன் ஏற்காது?

குழந்தையிலும் பாதி அப்பாவின் கூறுதான். அம்மாவின் உடம்புக்கு அதுவும் அந்நியம். ஆனால் நஞ்சுக்கொடி அம்மாவின் எதிர்ப்பாற்றலைத் தன் எல்லையில் மட்டும் தணித்து வைக்கிறது. அந்தப் பாதுகாப்பு இடுப்பெலும்புக் குழியில் வைத்திருக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் கிடைக்காது. "மாசமா இருக்கும்போது உடம்பே எதிர்ப்பைக் குறைச்சுக்கும், மாத்திரையைக் குறைச்சா பரவாயில்லை" என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. ஒரு வாரம் மாத்திரை விட்டாலே உறுப்பு நிராகரிப்பு தொடங்கலாம்.

கணவரே சிறுநீரகம் கொடுத்தவராக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. குழந்தையிடம் உள்ள அப்பாவின் கூறுகளும் சிறுநீரகத்தில் உள்ள கூறுகளும் ஒன்றே. கர்ப்பத்தில் அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி (அந்நியமானதைத் தாக்க உடம்பு உருவாக்கும் புரதம்) உருவானால் அது சிறுநீரகத்தையும் குறிவைக்கலாம். இதனால் கர்ப்பமே கூடாது என்று சொல்வதில்லை. ஆன்டிபாடி பரிசோதனையை முன்னும் பின்னும் செய்துகொள்ளச் சொல்வார்கள்.

மாத்திரைச் சீட்டை எப்படிப் படிப்பது

பிராண்ட் பெயரைப் பார்க்காதீர்கள். பட்டையில் அதற்கு அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். ஒரே மருந்து பத்துப் பெயரில் வருகிறது.

1. மைக்கோஃபீனோலேட். கருவுக்கு ஆகாத மருந்துகளில் முதலிடம் இதற்குத்தான். மொஃபெட்டில், சோடியம் என்று இரண்டு வடிவில் வரும். கருவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. இதைச் சாப்பிட்டபடி கர்ப்பமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் மூன்று மாதத்தில் கரு கலைந்ததாகவும், உயிரோடு பிறந்த குழந்தைகளில் சுமார் நாலில் ஒன்றுக்குப் பிறவிக் குறை இருந்ததாகவும் பதிவுகள் சொல்கின்றன. காது மடல் வளராமை, உதடு அல்லது அண்ணம் பிளவு, இதயக் குறை ஆகியவை அதிகம் காணப்படுபவை. கரு தரிக்கக் குறைந்தது ஆறு வாரம் முன்பே இதை நிறுத்தியாக வேண்டும்.

2. அசாத்தியோப்ரின். மைக்கோஃபீனோலேட்டின் இடத்துக்கு வருவது இது. பழைய மருந்து, பல பத்தாண்டு அனுபவம் உள்ளது. இதைச் செயல்படும் வடிவமாக மாற்றும் நொதி கருவின் கல்லீரலில் இல்லை. அதனால் நஞ்சுக்கொடி தாண்டிப் போனாலும் பெரிய சேதம் செய்வதில்லை. நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுப்பார்கள். தொடங்கிய முதல் வாரங்களில் இரத்த அணு எண்ணிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இம்மருந்தைச் சிதைக்கும் திறன் குறைவு. அவர்களுக்கு வெள்ளணு திடீரென்று சரியும். யூரிக் அமிலத்துக்காக ஏற்கெனவே ஃபெபுக்சோஸ்டாட் அல்லது அலோபியூரினால் சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் சொல்லாமல் அசாத்தியோப்ரினைத் தொடங்கினால் எலும்பு மஜ்ஜையே முடங்கலாம். இந்தச் சின்னத் தகவல் விட்டுப்போவதுதான் மாத்திரை மாற்றத்தில் நடக்கும் மோசமான தவறு.

3. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின். இரண்டையும் கர்ப்பத்தில் தொடரலாம், தொடரவே வேண்டும்.

4. பிரெட்னிசோலோன். தொடரலாம். இதில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடலாம் என்பதே இதன் பக்கம் உள்ள கவலை.

5. சிரோலிமஸ், எவரோலிமஸ். கருவில் இவற்றின் விளைவு பற்றிய அனுபவம் போதாது. சிரோலிமஸை நிறுத்தியபின் 12 வாரமும், எவரோலிமஸை நிறுத்தியபின் 8 வாரமும் கர்ப்பம் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் அல்லாத மற்றவையும் அதே சீட்டில் இருக்கும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவற்றுக்குப் பதில் லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா. கொழுப்புக்கான ஸ்டாட்டின், வைரஸுக்கான வால்கான்சிக்ளோவிர் இரண்டையும் முன்கூட்டியே நிறுத்தும் வழியைக் கேட்க வேண்டும். தொற்றைத் தடுக்க கோட்ரைமாக்சசோல் போகிறதென்றால், அது ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்வது என்பதையும் நினைவூட்டுங்கள். இவை எதையும் தானாக நிறுத்தக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் மாற்று மருந்து கையில் வந்தபின் பழையது போக வேண்டும்.

எப்போது முயற்சி செய்யலாம்

டயாலிசிஸ் காலத்தில் நின்றுபோன மாதவிலக்கு, மாற்று அறுவைக்குப் பிறகு சில மாதத்திலேயே திரும்பிவிடும். முதல் மாதவிலக்கு வருமுன்பே முட்டை வெளிவரலாம் என்பதால், "இன்னும் வரவே இல்லையே" என்று இருப்பவர்களும் கர்ப்பமாகிறார்கள். ஆகவே வீடு திரும்பும்போதே கருத்தடை பற்றிப் பேசிவிட வேண்டும். காப்பர்-டி இவர்களுக்கு ஆகாது என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் போதாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை, இரத்த அழுத்தம் இருந்தாலோ இரத்தம் உறையும் நோய் இருந்தாலோ தவிர்ப்பார்கள்.

காத்திருக்கும் காலம் அமெரிக்க வழக்கில் குறைந்தது ஓராண்டு, ஐரோப்பிய வழக்கில் இரண்டாண்டு. நம் ஊர் மருத்துவர்கள் பலர் இரண்டையே கேட்கிறார்கள். அதுவே நிதானமான கணக்கு. ஆனால் வருடம் மட்டும் போதாது. பார்க்க வேண்டியவை:

1. கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டுகிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை எண்) 1.5-க்குக் கீழே, அதுவும் ஏறி இறங்காமல் நிலையாக.
2. கடந்த ஓராண்டில் நிராகரிப்பு நிகழ்ந்திருக்கக் கூடாது.
3. சிறுநீரில் புரதம் இல்லை, அல்லது ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ்.
4. இரத்த அழுத்தம் கட்டுக்குள்.
5. சைட்டோமெகலோ போன்ற கருவைப் பாதிக்கும் வைரஸ் தொற்று நடப்பில் இல்லை.
6. மாற்றிய மாத்திரையில் குறைந்தது மூன்று மாதம் சிறுநீரகம் அசையாமல் நின்றிருக்கிறது.

ஆறாவதைத்தான் அவசரத்தில் தாண்டிப் போகிறார்கள். மைக்கோஃபீனோலேட்டை நிறுத்தி அசாத்தியோப்ரினுக்கு வந்த அடுத்த மாதமே கர்ப்பமானால், மாற்றத்தால் கிரியாட்டினின் ஏறுகிறதா, கர்ப்பத்தால் ஏறுகிறதா என்று பிரிக்க முடியாமல் போகும்.

தடுப்பூசிகளையும் இந்த இடைவெளியிலேயே முடிக்க வேண்டும். செயலிழந்த கிருமியால் ஆன ஃப்ளூ, ஹெபடைட்டிஸ் பி ஊசிகள் போடலாம். ரூபெல்லா, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மாற்று அறுவைக்குப் பின் போடுவதில்லை.

சிறுநீரகம் ஏன் கெட்டது என்ற பழைய கேள்வியும் இப்போது திரும்பி வரும். சிறுநீரகத்தில் பல நீர்க்கட்டிகள் வளரும் பாலிசிஸ்டிக் நோய் போன்றவை பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அது தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

மைக்கோஃபீனோலேட் சாப்பிடும்போதே நாள் தள்ளிவிட்டால்?

அன்றே சிறுநீரகப் பிரிவுக்கு அழையுங்கள். அந்த ஒரு மருந்தை மட்டும் அசாத்தியோப்ரினுக்கு மாற்றுவார்கள். டாக்ரோலிமஸும் பிரெட்னிசோலோனும் அப்படியே தொடரும். "எல்லா மாத்திரையும் நிறுத்து" என்ற வீட்டு வைத்தியம் இந்த நாளில்தான் உச்சத்தில் இருக்கும், எச்சரிக்கை.

எல்லாக் கருவும் பாதிக்கப்படுவதில்லை. 11 முதல் 14 வாரத்துக்குள் கருவின் கழுத்து ஸ்கேன், 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்பு ஸ்கேன், கூடவே கருவின் இதயத்துக்குத் தனி எக்கோ. காது மடல் குறை ஸ்கேனில் எப்போதும் தெரியாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். 2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின் பேரில் கருக்கலைப்புச் செய்யலாம். குறிப்பிட்ட நிலையில் உள்ள பெண்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை. கருவில் கடுமையான குறை இருந்தால் அதற்கு மேலும் மருத்துவக் குழு முடிவெடுக்கலாம். முடிவு அந்தப் பெண்ணுடையது. ஆனால் யோசிக்க நேரம் வேண்டுமென்றால் ஸ்கேன் தேதி தவறக் கூடாது.

கர்ப்பமாகிவிட்டபின்: மூன்று எண்கள்

*டாக்ரோ லெவல்.* இரத்தத்தில் உள்ள டாக்ரோலிமஸின் அளவு இது. கர்ப்பத்தில் கல்லீரல் இம்மருந்தை வேகமாகச் சிதைக்கிறது. வழக்கமான அளவில் லெவல் இறங்கும். பலருக்கு மாத்திரையை 20 முதல் 40 சதவீதம் வரை கூட்ட வேண்டி வரும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இரத்த அணுக்களும் புரதமும் குறைவதால், சோதனையில் காட்டும் மொத்த அளவு குறைந்தாலும் வேலை செய்யும் மருந்தின் பங்கு அதே வேகத்தில் குறைவதில்லை. எண்ணை மட்டும் துரத்தி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால் நச்சாகும். 32 வாரம் வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை சோதிப்பது வழக்கம்.

இரத்தம் எடுக்க வேண்டியது காலை மாத்திரைக்கு முன். மாத்திரை போட்டுக்கொண்டு வந்து லேபில் உட்கார்ந்தால் எண் பொய்யாக உயரும். அதைப் பார்த்து அளவைக் குறைத்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. மசக்கையில் மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்தால் தானாக இன்னொன்று போடாமல் கேட்டுச் செய்யுங்கள். பேதியானால் லெவல் ஏறும், இறங்காது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃப்ளூக்கோனசோல் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் தரைமட்டமாக இறக்கும். பம்ளிமாஸ் பழம் வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் லேகியமும் வேண்டாம்; அதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

*கிரியாட்டினின்.* கர்ப்பத்தில் ஆரோக்கியமான பெண்ணுக்கு இது 0.4 முதல் 0.8 வரை இறங்கும். ஆகவே லேப் தாளில் தடித்த எழுத்து இல்லாமல் "1.1, நார்மல்" என்று வந்தாலும், போன மாதம் 0.8 இருந்தவருக்கு அது நார்மல் அல்ல. தாளில் அச்சாகியிருக்கும் வரம்பு கர்ப்பிணிக்காக எழுதப்பட்டதல்ல. முந்தைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

*இரத்த அழுத்தம்.* மாற்றுச் சிறுநீரகத்தோடு கர்ப்பமானவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு, 20 வாரத்துக்குப் பின் அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் கூடும் ப்ரீக்ளாம்ப்சியா வருகிறது. இதைத் தள்ளிப்போடவே 12-வது வாரம் முதல் குறைந்த அளவு ஆஸ்பிரின், 75 முதல் 150 மில்லிகிராம், இரவில் கொடுக்கிறார்கள்.

அழுத்தமும் கிரியாட்டினினும் புரதமும் ஒரே வாரத்தில் ஏறினால்தான் உண்மையான புதிர். ப்ரீக்ளாம்ப்சியாவும் அப்படித்தான் தெரியும், நிராகரிப்பும் அப்படித்தான் தெரியும். டாக்ரோலிமஸ் கூடினாலும், சிறுநீர்த் தொற்றானாலும், கருப்பை அழுத்திக் குழாய் அடைத்தாலும் கிரியாட்டினின் ஏறும். 20 வாரத்துக்கு முன் என்றால் ப்ரீக்ளாம்ப்சியாவை ஓரமாக வைக்கலாம். அதன் பின் என்றால் லெவல், சிறுநீர் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை), ஸ்கேன் மூன்றும் ஒரே நாளில் போக வேண்டும். ஸ்கேனில் சிறுநீரகத்தில் லேசான வீக்கம் தெரிவது கர்ப்பத்தில் சாதாரணம், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். தேவைப்பட்டால் கர்ப்பத்திலும் சிறுநீரகத்தில் ஊசி வழியே பயாப்சி எடுக்கலாம். நிராகரிப்பு என்று தெரிந்தால் மெத்தில்பிரெட்னிசோலோன் ஊசி போடுவார்கள். ஒன்றை மற்றொன்றாக நினைத்தால் சிகிச்சையே எதிர்த்திசையில் போய்விடும்: நிராகரிப்புக்கு மருந்தைக் கூட்ட வேண்டும், ப்ரீக்ளாம்ப்சியாவுக்குப் பிரசவத்தை முன்தள்ள வேண்டும்.

மாதம் ஒருமுறை சிறுநீர் கல்ச்சர் எடுக்க வேண்டும். எரிச்சல் இல்லாமலும் தொற்று இருக்கும். சர்க்கரைக்கு, நம் ஊரில் வழக்கமான 75 கிராம் குளுக்கோஸ் சோதனையை முதல் வருகையிலும் 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் செய்ய வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 140-ஐத் தொட்டால் சர்க்கரை இருக்கிறது என்று பொருள்.

வடசென்னையில் இதை நடத்துவது எப்படி

ஸ்டான்லி மருத்துவமனை பழைய ஜெயில் ரோட்டில். அதோடு இணைந்த ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ராயபுரத்தில். சிறுநீரக மருத்துவர் ஓரிடம், பிரசவ மருத்துவர் வேறிடம். தனியாரில் பார்ப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தாளைச் சுமப்பவர் கர்ப்பிணியோ அவர் கணவரோதான். ஒரு நோட்டில் தேதி, டாக்ரோலிமஸ் அளவு, லெவல், கிரியாட்டினின், பி.பி., எடை என்று ஆறு கட்டம் போட்டு எழுதுங்கள். முதல் பக்கத்தில் மாற்று அறுவை நடந்த தேதி, சிறுநீரகம் எந்தப் பக்கம், இரத்த வகை, போகக்கூடாத மருந்துகள்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி எண்ணுக்கு (கர்ப்பிணிகளுக்கான தமிழக அரசின் பதிவு எண்) பதிவு செய்யும்போது "கிட்னி மாற்று" என்று வாயால் சொன்னால் போதாது, அட்டையில் ஆபத்துக் கூடிய கர்ப்பம் என்று எழுதச் சொல்லுங்கள். மகப்பேறு நிதியுதவிக்கும் இந்த எண்தான் வேண்டும்; 12 வாரத்துக்குள் பதிவது நல்லது.

டிசம்பர் 2023 மழையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர்ப் பக்கம் தண்ணீர் வடிய நாளானதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறைந்தது இரண்டு வார மாத்திரை கையிருப்பு, தண்ணீர் புகாத டப்பாவில், பரணில். எண்ணூர், திருவொற்றியூரில் இருப்பவர்கள் கண்டெய்னர் லாரி நெரிசலையும் கணக்கில் வைத்து, 108-ஐ எப்போது அழைப்பது, எந்த மருத்துவமனைக்குப் போகச் சொல்வது என்று ஏழாம் மாதத்திலேயே தீர்மானிக்க வேண்டும். கடையில் ஸ்டாக் இல்லையென்று வேறு பிராண்ட் டாக்ரோலிமஸ் கொடுத்தால் வாங்கலாம், ஆனால் ஒரு வாரத்தில் லெவல் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒருமுறை போடும் வகையையும் இருமுறை போடும் வகையையும் மருத்துவர் சொல்லாமல் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக மாற்றவே கூடாது.

வளைகாப்பு தாராளமாக நடக்கட்டும். ஆனால் வருகிறவர் வீட்டில் "அம்மா வந்திருக்கு" என்றால், அதாவது அம்மை என்றால், அவர்கள் அன்று வர வேண்டாம். தெரியாமல் பக்கத்தில் இருந்துவிட்டால் கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுக்க மருந்து உண்டு, தாமதித்தால் பலன் குறையும். கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காத விரதங்கள் வேண்டாம்.

பிரசவம்

மாற்றுச் சிறுநீரகம் இடுப்பின் ஓரத்தில் இருப்பதால் குழந்தை வரும் பாதையை அடைப்பதில்லை. அதனால் சிசேரியன் கட்டாயம் அல்ல; வழக்கமான மகப்பேறு காரணங்களுக்கு மட்டும் போதும். நடைமுறையில் பாதிக்கு மேல் சிசேரியனாகத்தான் முடிகிறது. சுமார் பாதிக் குழந்தைகள் 37 வாரத்துக்கு முன்பே பிறக்கின்றன. எடை சராசரியாக இரண்டரைக் கிலோவை ஒட்டி. குறைமாதக் குழந்தைப் பிரிவு உள்ள இடத்தையே தேர்ந்தெடுக்க இது போதுமான காரணம்.

பிரசவ அறையில் சொல்லியாக வேண்டியவை:

1. தினமும் பிரெட்னிசோலோன் சாப்பிடுபவர் என்பதால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவை. உடம்பு தானாக ஸ்டீராய்டு சுரக்கும் பழக்கத்தை விட்டிருக்கும்.
2. வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென் கூடாது. சிசேரியனுக்குப் பின் இவை வழக்கமாகப் போகும் ஊசிகள், அதனால்தான் எழுதியே ஒட்டிவைக்க வேண்டும்.
3. ஜென்டாமைசின், அமிக்காசின் தவிர்க்க வேண்டும்.
4. வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டின் அளவைச் சிறுநீரகம் வேலை செய்யும் திறனுக்கு ஏற்பக் குறைக்க வேண்டியிருக்கலாம்.
5. சிசேரியன் என்றால் சிறுநீரகமும் அதன் குழாயும் எந்தப் பக்கம் என்பதை அறுவை செய்பவர் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.
6. டாக்ரோலிமஸ் வேளை தவறக் கூடாது, அன்றும்.

குழந்தைக்குப் பிறந்த முதல் இரண்டு நாளில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவின் டாக்ரோலிமஸால் சில நாள் அவை ஏறியிருக்கலாம், தானாக இறங்கும். பி.சி.ஜி. உள்ளிட்ட உயிருள்ள தடுப்பூசிகளுக்கு முன் அம்மாவின் மருந்துப் பட்டியலைக் குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு

கர்ப்பத்தில் கூட்டிய டாக்ரோலிமஸ் அளவு இப்போது அதிகப்படியாகிவிடும். கை நடுக்கம், தலைவலி, கிரியாட்டினின் ஏற்றம் எல்லாம் அதனால் வரும். முதல் சில வாரம் வாரந்தோறும் லெவல் பார்த்து இறக்க வேண்டும். குழந்தையைக் கவனிப்பதில் அம்மாவின் தேதிகள் தவறுவது இந்தக் கட்டத்தில்தான். பாட்டியோ கணவரோ அந்த ஆறு கட்ட நோட்டைக் கையில் எடுக்க வேண்டும்.

டாக்ரோலிமஸ், அசாத்தியோப்ரின், சைக்ளோஸ்போரின், பிரெட்னிசோலோன் சாப்பிட்டபடி தாய்ப்பால் கொடுக்கலாம். பாலில் போகும் அளவு மிகச் சொற்பம். மைக்கோஃபீனோலேட்டுக்கு உடனே திரும்ப வேண்டிய நிலை வந்தால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டி வரும், ஆகவே திரும்பும் தேதியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அதற்குத் திரும்பும் முன் கருத்தடை உறுதியாக இருக்க வேண்டும். பிரசவம் முடிந்த கையோடு போடும் காப்பர்-டி இதற்கு எளிய வழி.

சிறுநீரகம் வாங்கியவர் கணவர் என்றால்

மைக்கோஃபீனோலேட் சாப்பிடும் ஆண்களின் குழந்தைகளில் குறை கூடியதாக இதுவரையான ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் மருந்துத் தாளில் எச்சரிக்கை இருக்கிறது, எனவே திட்டமிடும்போது கேட்பது நல்லது. சிரோலிமஸ் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். வருடக்கணக்கில் குழந்தை இல்லாமல் மனைவியை மட்டும் சோதனைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் வீடுகள் முதலில் அவருடைய மாத்திரைச் சீட்டைப் பார்க்கலாம்.

சிறுநீரகம் கொடுத்தவர் மனைவி என்றால், அவரும் பின்னாளில் கர்ப்பமாகும்போது ஒற்றைச் சிறுநீரகம் என்று அட்டையில் எழுதச் சொல்ல வேண்டும். 2015-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில், தானம் கொடுத்த பெண்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குக் கர்ப்பகால இரத்த அழுத்தமோ ப்ரீக்ளாம்ப்சியாவோ வந்தது. கொடுக்காத ஆரோக்கியமான பெண்களில் அது 5 சதவீதம். நம் நாட்டில் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். அவர்களுக்கு மாத்திரை எதுவும் கிடையாது, அதனால் யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கும் ஒவ்வொரு வருகையிலும் பி.பி.யும் சிறுநீர்ப் புரதமும் பார்க்கப்பட வேண்டும்.